பிளிசார்ட் நிறுவனத்தின் மின்விளையாட்டு வணிகம்

பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள இர்வைன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கணினி விளையாட்டு நிறுவனம் ஆகும். இது விளையாட்டுகளை உருவாக்குவதோடு அவற்றை வெளியிடவும் செய்கின்றது. வார்கிராஃப்ட், டயாப்லோ, ஸ்டார்கிராஃப்ட், ஓவர்வாட்ச் ஆகியவை இதன் புகழ்பெற்ற விளையாட்டுகள். இவற்றுள் ஸ்டார்கிராஃப்ட், தென்கொரியாவில் தொழில்முறை மின்விளையாட்டு வேரூன்றக் காரணமாக அமைந்தது. அந்த வளர்ச்சியில் பிளிசார்டின் நேரடிப் பங்கு மிகக் குறைவு. மாறாக, நிறுவனமே முதலீட்டாளர்களைத் திரட்டி நடத்திய ஓவர்வாட்ச் லீக் 2018 முதல் 2023 வரை ஆறு பருவங்கள் மட்டுமே நீடித்தது.

கணினி விளையாட்டுகளைப் பார்வையாளர் முன்னிலையில் போட்டியாக ஆடுவதே மின்விளையாட்டு எனப்படுகின்றது. இக்கட்டுரை பிளிசார்டின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விளையாட்டின் வெளியீட்டாளருக்கும் அதனைச் சார்ந்து வாழும் போட்டித் துறைக்கும் உள்ள பொருளாதார உறவை விளக்குகின்றது.

விளையாட்டின் உடைமையாளர்

சதுரங்கத்துக்கோ கால்பந்துக்கோ உடைமையாளர் எவரும் இல்லை. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா உலகக்கோப்பையை நடத்துகின்றது. அதன் ஒளிபரப்பு உரிமையை விற்கின்றது. ஆனால் வேறொரு ஊரில் வேறொருவர் தம் பெயரில் கோப்பை ஒன்று நடத்தினால், கால்பந்து தனக்குச் சொந்தமானது என்று கூறி அதனைத் தடுக்க ஃபிஃபாவால் இயலாது. கணினி விளையாட்டின் நிலை வேறு. மென்பொருளும், திரையில் தோன்றும் உருவங்களும், இசையும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஒரு போட்டியை ஒளிபரப்பும்போது இவையனைத்தும் சேர்ந்தே ஒளிபரப்பாகின்றன.

வெளியீட்டாளரின் பிடி பதிப்புரிமையோடு முடிவதில்லை. பெரும்பாலான இன்றைய விளையாட்டுகள் வெளியீட்டாளரின் வழங்கிகள் வழியாகவே இயங்குகின்றன. வழங்கியை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடும். அத்துடன், இற்றைப்படுத்தல்கள் மூலம் விளையாட்டின் விதிகளையே வெளியீட்டாளர் மாற்ற முடியும். பருவத்தின் நடுவில் பந்தின் எடையையோ ஆடுகளத்தின் நீளத்தையோ ஒரு நிறுவனம் மாற்றுவதற்கு இது ஒப்பானது. மின்விளையாட்டில் இது வாடிக்கையாக நடக்கின்றது.

வருவாயை நோக்கினால் மற்றொரு வேறுபாடு புலப்படும். வெளியீட்டாளரின் முதன்மை வருவாய், விளையாட்டின் படிகளை விற்பதிலும், விளையாட்டினுள் விற்கப்படும் ஆடை, அணி போன்ற பொருட்களிலும் கிடைக்கின்றது. போட்டிகள் அவ்விற்பனைக்கு உதவும் விளம்பரம் என்ற அளவில் நட்டத்தில் நடந்தாலும் அந்நிறுவனத்துக்கு ஏற்புடையதே. அணி உரிமையாளர், ஒளிபரப்பாளர், ஆட்டக்காரர் ஆகியோருக்கோ போட்டியைத் தவிர வேறு வருவாய் அரிது. விளம்பரமாகப் பயன்படவில்லை என்று வெளியீட்டாளர் கருதும் நாளில் இவர்கள் அனைவரின் பிழைப்பும் கேள்விக்குறியாகின்றது. கீழே விவரிக்கப்படும் நிகழ்வுகள் பலவற்றின் அடியில் இச்சமநிலையின்மையே உள்ளது.

தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட்

பிளிசார்ட் நிறுவனம் 1991ஆம் ஆண்டு ஆலன் ஆதம், மைக்கேல் மோர்கைம், பிராங்க் பியர்ஸ் ஆகிய மூவரால் சிலிக்கன் அண்டு சினாப்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1994இல் தற்போதைய பெயரைப் பெற்றது. ஸ்டார்கிராஃப்ட் 1998 மார்ச் 31 அன்று வெளியானது. மூன்று இனங்கள் வளங்களைத் திரட்டி, படை அமைத்து மோதிக்கொள்ளும் நிகழ்நேர உத்தி விளையாட்டு இது. அதே ஆண்டின் இறுதியில் புரூட் வார் என்ற விரிவாக்கம் வெளிவந்தது.

அப்போது தென்கொரியா 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. அரசு அகலப்பட்டை இணையத்தை விரைவாகப் பரப்பியது. பிசி பாங் எனப்படும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் கணினி நிலையங்கள் தெருவுக்குத் தெரு தோன்றின. வேலை இழந்தோர் பலர் இத்தகைய நிலையங்களைத் திறந்தனர். அங்கு இளைஞர்கள் கூடி ஆடிய விளையாட்டு ஸ்டார்கிராஃப்ட். உலகெங்கும் விற்ற அதன் படிகளில் ஏறத்தாழப் பாதி, ஏறக்குறைய ஐந்து கோடி மக்களைக் கொண்ட அந்த ஒரு நாட்டில் விற்றது.

2000ஆம் ஆண்டில் ஆன்கேம்நெட் என்ற தொலைக்காட்சி அலைவரிசை கணினி விளையாட்டுகளுக்கென்றே தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எம்பிசி கேம் என்ற அலைவரிசையும் களத்தில் இறங்கியது. பண்பாட்டு அமைச்சின் ஒப்புதலோடு கெஸ்பா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் 2000இல் அமைக்கப்பட்டது. சாம்சங், எஸ்கே டெலிகாம், கேடி போன்ற பெருநிறுவனங்கள் அணிகளை வைத்திருந்தன. கட்டாயப் படைச்சேவையில் சேரும் ஆட்டக்காரர்களுக்காக 2007இல் கொரிய வான்படையே ஓர் அணியை அமைத்தது என்பது இத்துறை அந்நாட்டில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். 2004 யூலையில் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டியைக் காண ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்டதாக அன்றைய செய்திகள் கூறின.

இவ்வளவும் பிளிசார்டுக்கு உரிமக் கட்டணம் எதுவும் செலுத்தாமலேயே நடந்தன. நிறுவனமும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரிதாகத் தலையிடவில்லை. விளையாட்டு தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்ததால் தலையிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை எனலாம்.

ஒளிபரப்பு உரிமைப் பிணக்கு

2007ஆம் ஆண்டு கெஸ்பா தன் அணிகளுக்கிடையிலான புரோலீக் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை விற்க முற்பட்டது. அதுவரை தாங்களே வளர்த்த போட்டியைக் காட்டத் தாங்களே பணம் செலுத்துவதா என்று இரு அலைவரிசைகளும் முதலில் எதிர்த்தன, பின்னர் இணங்கின. ஆனால் விற்பனை என்று ஒன்று நடந்தவுடன், விற்கப்பட்ட பொருள் யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. பிளிசார்ட் தன் உரிமையை வலியுறுத்திக் கெஸ்பாவுடன் பேச்சுவார்த்தையில் இறங்கியது.

இரு தரப்பின் வாதங்களிலும் பொருள் இருந்தது. தன் மென்பொருளை வைத்துப் பிறர் வணிகம் செய்யும்போது தன் ஒப்புதல் வேண்டும் என்றது பிளிசார்ட். ஆட்டக்காரரின் திறனும், பல ஆண்டுகள் செலவழித்து உருவாக்கிய போட்டி அமைப்பும், வருணனையாளரின் உழைப்புமே மக்கள் காண வருவதற்குக் காரணம். விளையாட்டு மென்பொருள் அதற்கான கருவியே என்பது கொரியத் தரப்பின் நிலைப்பாடு. பேனா செய்தவன் கதைக்கு உரிமை கோர முடியாது என்று ஒருவர் கூறலாம். ஆனால் இங்கே பேனா எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் தானும் தோன்றுகின்றது என்பதே சிக்கல்.

மூன்றாண்டுகள் நீடித்த பேச்சுவார்த்தை 2010 ஏப்பிரலில் முறிந்தது. அடுத்த மாதமே கோம்டிவி என்ற இணையத் தொலைக்காட்சியை நடத்திய கிரெடெக் நிறுவனத்துக்குக் கொரியாவில் தன் விளையாட்டுகளின் போட்டி, ஒளிபரப்பு உரிமையைத் தனியுரிமையாக பிளிசார்ட் வழங்கியது. அதே ஆண்டில் ஆட்டக்காரர் சிலர் பணம் பெற்றுக்கொண்டு தோற்ற முறைகேடு வெளிப்பட்டுக் கெஸ்பாவின் நற்பெயரும் குலைந்திருந்தது. உரிமம் இன்றி ஒளிபரப்பியதாக இரு அலைவரிசைகளின் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 2011 மே மாதத்தில் உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகி வழக்கு முடிவுக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்ததால், ஒரு போட்டியின் ஒளிபரப்பு யாருடைய படைப்பு என்ற கேள்விக்கு அவ்வழக்கிலிருந்து தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. சட்ட மாணவர்களுக்கு இது ஓர் இழப்பே.

வழங்கியும் ஒப்பந்தமும்

2010 யூலை 27 அன்று வெளியான ஸ்டார்கிராஃப்ட் 2, முதல் விளையாட்டில் இருந்த ஒரு வசதியை விட்டுவிட்டது. ஒரே அறையிலுள்ள கணினிகளைத் தம்முள் இணைத்து, இணையம் இன்றி ஆடும் வசதி அதில் இல்லை. எல்லா ஆட்டங்களும் பிளிசார்டின் பேட்டில்.நெட் சேவை வழியாகவே நடைபெற வேண்டும். திருட்டுப் படிகளைத் தடுப்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அதன் மற்றொரு விளைவு, நிறுவனத்துக்குத் தெரியாமல் பெரிய போட்டி எதுவும் நடத்த இயலாமல் போனதாகும். பொறியியல் முடிவு ஒன்று வணிக ஒப்பந்தத்தின் வேலையைச் செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோம்டிவி நடத்திய ஸ்டார்கிராஃப்ட் 2 தொடரின் முதல் வெற்றியாளருக்கு 10 கோடி வொன் பரிசு வழங்கப்பட்டது. 2012 மே மாதத்தில் கெஸ்பாவும் ஆன்கேம்நெட்டும் புதிய விளையாட்டுக்கு மாற இணங்கின. ஆயினும் பழைய விளையாட்டின் செல்வாக்கைப் புதியது கொரியாவில் எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் பிசி பாங்குகளைப் பிடித்துவிட்டது. எம்பிசி கேம் 2012 தொடக்கத்தில் மூடப்பட்டது. 2016 அக்டோபரில் புரோலீக்கும் நிறுத்தப்பட்டது.

லீக் ஆஃப் லெஜன்ட்ஸின் மூலத்தைத் தேடினால் அது பிளிசார்டின் வாசலிலேயே வந்து நிற்கும். வார்கிராஃப்ட் 3 விளையாட்டுடன் வழங்கப்பட்ட வரைபட உருவாக்கக் கருவியைக் கொண்டு ஆர்வலர்கள் டோட்டா என்ற புதிய விளையாட்டு வகையை உருவாக்கினர். அதன் வழியே பிற நிறுவனங்கள் லீக் ஆஃப் லெஜன்ட்ஸ், டோட்டா 2 ஆகியவற்றை உருவாக்கிப் பெரும் பொருள் ஈட்டின. டோட்டா என்ற பெயர் குறித்து வால்வ் நிறுவனத்துடன் எழுந்த பிணக்கு 2012இல் உடன்பாட்டில் முடிந்தது. 2020 சனவரியில் வார்கிராஃப்ட் 3 புதுப்பித்து வெளியிடப்பட்டபோது, அதில் பயனர்கள் உருவாக்கும் விளையாட்டுகள் யாவும் பிளிசார்டின் தனியுடைமை என்ற விதி அதன் பயன்பாட்டுக் கொள்கையில் இடம்பெற்றிருந்தது. இம்மாற்றத்தைப் பயனர்கள் கடுமையாகக் குறைகூறினர்.

ஓவர்வாட்ச் லீக்

2008இல் விவெண்டி நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவும் ஆக்டிவிசனும் இணைந்து ஆக்டிவிசன் பிளிசார்ட் உருவானது. இந்நிறுவனம் கொரியப் பட்டறிவிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது: அடுத்த போட்டி அமைப்பைத் தானே உரிமையாக்கிக்கொள்ள வேண்டும். 2016 மே மாதம் வெளியான ஓவர்வாட்ச் என்ற குழுநிலைச் சுடும் விளையாட்டு அதற்குக் களமானது.

2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஓவர்வாட்ச் லீக், வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளின் அமைப்பைப் பின்பற்றியது. அணிகள் நகரங்களின் பெயரைத் தாங்கின. அணிகளுக்குத் தகுதியிறக்கம் கிடையாது. இடத்தை விலைக்கு வாங்க வேண்டும். முதல் பருவத்தில் ஓர் இடத்தின் விலை 2 கோடி டாலர் எனச் செய்திகள் வெளியாயின. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளரான ராபர்ட் கிராஃப்ட் போன்றோர் இடங்களை வாங்கினர். லீக் முழுமைக்குமான நிகர வருவாயில் ஒவ்வோர் அணிக்கும் சமபங்கு. உள்ளூர் வருவாய் ஒரு வரம்பு வரை அணிக்கே உரியது. விளையாட்டினுள் விற்கும் லீக் சார்ந்த பொருட்களின் வருவாயில் பாதி பொதுத்தொகையில் சேரும் என்று அறிவிக்கப்பட்டது.

ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை லீக் உண்மையான முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 டாலர் ஊதியம், மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவை உறுதியளிக்கப்பட்டன. அதுவரை மின்விளையாட்டில் இத்தகைய ஏற்பாடுகள் அரிதாகவே இருந்தன. ஆயினும் ஆட்டக்காரருக்கான மொத்தச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் அணி ஒரு டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்ற விதியும் லீக்கில் இருந்தது. இது ஊதியத்தை நசுக்குகின்றது என்று கூறி ஐக்கிய அமெரிக்க நீதித்துறை 2023 ஏப்பிரலில் வழக்குத் தொடர்ந்தது. அத்தகைய விதிகளை இனி விதிப்பதில்லை என்ற உடன்பாட்டுடன் அது தீர்க்கப்பட்டது.

முதல் பருவம் 2018 சனவரி 10 அன்று கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரிலுள்ள அரங்கில் 12 அணிகளுடன் தொடங்கியது. யூலை மாதம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்த இறுதிப்போட்டியில் இலண்டன் ஸ்பிட்ஃபயர் வென்றது. அவ்வணியின் ஆட்டக்காரர் அனைவரும் கொரியர் என்பது நகர அடையாளம் எத்துணை மெல்லியது என்பதைக் காட்டியது. அதே பருவத்தில் தான் ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்ற சாங்காய் டிராகன்ஸ் 2021இல் வாகை சூடியது. 2019இல் அணிகளின் எண்ணிக்கை 20 ஆனது.

விதிகளை மாற்றும் அதிகாரம் இங்கே நேரடியாக வெளிப்பட்டது. மூன்று காப்பாளர், மூன்று உதவியாளர் என்ற ஒரே அணியமைப்பு 2019இல் போட்டிகளைச் சலிப்பாக்கியதால், ஒவ்வொரு வகையிலும் இருவர் மட்டுமே ஆடலாம் என்று பருவத்தின் நடுவிலேயே விதி மாற்றப்பட்டது. அடுத்து 2022இல், அறுவர் கொண்ட அணி ஐவராகக் குறைக்கப்பட்டது. ஓவர்வாட்ச் 2 அவ்வாறு வடிவமைக்கப்பட்டதே காரணம். ஒவ்வோர் அணியிலும் ஒரு காப்பாளரின் இடம் ஓர் இற்றைப்படுத்தலால் இல்லாமல் போயிற்று.

ஒரே அறிவிப்பில் முடிந்த ஒரு போட்டி

ஓவர்வாட்ச் லீக்கின் வீழ்ச்சிக்கு முன்னரே வெளியீட்டாளரின் முடிவு எவ்வளவு திடீரென வரக்கூடும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. ஹீரோஸ் ஆஃப் த ஸ்டோர்ம் என்ற பிளிசார்டின் மற்றொரு விளையாட்டுக்குத் தனியே உலகளாவிய போட்டித்தொடர் நடைபெற்றுவந்தது. 2018 டிசம்பர் 13 அன்று, அத்தொடர் 2019இல் நடைபெறாது என்று நிறுவனம் தன் இணையத்தளத்தில் அறிவித்தது. அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களும் வருணனையாளர்களும் பொதுமக்களோடு சேர்ந்தே அச்செய்தியை அறிந்தனர். விளையாட்டு அதன் பிறகும் வழங்கிகளில் இயங்கியது. அதனை ஆடிப் பிழைக்கும் வழி மட்டும் அன்றோடு மூடப்பட்டது.

லீக்கின் முடிவு

2020ஆம் பருவம் முதல் அணிகள் தத்தம் நகரங்களில் ஆட்டங்களை நடத்தி நுழைவுச்சீட்டு விற்க வேண்டும் என்பது திட்டம். உரிமையாளர்கள் இடங்களை வாங்கியதே இவ்வருவாயை நம்பித்தான். சில வாரங்களிலேயே கோவிட் பெருந்தொற்று அதனை நிறுத்தியது. பெருந்தொற்று மட்டுமே காரணம் என்று கூறுவது முழுமையாகாது. 2019 நவம்பரில் ஓவர்வாட்ச் 2 அறிவிக்கப்பட்டு 2022 அக்டோபரில்தான் வெளியானது. 2020 ஏப்பிரலுக்குப் பின் அந்நாள் வரை முதல் விளையாட்டில் புதிய நாயகர் எவரும் சேர்க்கப்படவில்லை. விளையாட்டு தேங்கினால் அதனைக் காண்போரும் குறைவர். 2021 யூலையில் பணியிடப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல் தொடர்பாகக் கலிபோர்னிய அரசு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்ததும் விளம்பர ஆதரவாளர்கள் பலர் விலகினர் அல்லது விளம்பரங்களை நிறுத்திவைத்தனர். பணியிட வழக்கின் விலையை அணிகளும் சேர்ந்தே கொடுத்தன.

2023இல் அணிகளுக்குப் புதிய ஒப்பந்தம் குறித்து வாக்களிக்கும் வாய்ப்பு தரப்பட்டது. அதனை ஏற்காமல் விலகும் ஒவ்வோர் அணிக்கும் 60 இலட்சம் டாலர், மொத்தம் ஏறத்தாழ 11.4 கோடி டாலர் வழங்கப்படும் என்று நிறுவனம் தன் நிதியறிக்கையில் தெரிவித்தது. 2 கோடியும் அதற்கு மேலும் விலை குறிக்கப்பட்ட இடங்களுக்குக் கிடைத்த விடைபெறு தொகை இது. அந்த ஆண்டு நவம்பரில் லீக் முடிவுக்கு வருவது உறுதியானது. அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 13 அன்று, மைக்ரோசாப்ட் ஆக்டிவிசன் பிளிசார்டை வாங்கியிருந்தது.

சீனச் சந்தையும் போட்டிகளும்

வெளியீட்டாளர் ஒரே நேரத்தில் நடுவராகவும் வணிகராகவும் இருப்பதன் சிக்கல் 2019 அக்டோபரில் உலகறிய வெளிப்பட்டது. ஹார்த்ஸ்டோன் என்ற அட்டை விளையாட்டின் ஆங்காங் ஆட்டக்காரர் ஒருவர் போட்டிக்குப் பிந்தைய செவ்வியில் ஆங்காங் போராட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். பிளிசார்ட் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுத்தொகையையும் மறுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டு, பரிசு திருப்பி அளிக்கப்பட்டது. சீனச் சந்தையைக் கருதியே இத்தண்டனை என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது.

சீனாவில் பிளிசார்டின் விளையாட்டுகளை நெட்ஈஸ் நிறுவனம் உரிமம் பெற்று நடத்தியது. அவ்வுரிமம் புதுப்பிக்கப்படாததால் 2023 சனவரியில் பெரும்பாலான விளையாட்டுகளின் வழங்கிகள் அங்கு நிறுத்தப்பட்டன. 2024இல்தான் மீண்டும் இயங்கத் தொடங்கின. இதன் விளைவு எதிர்பாராத ஓரிடத்தில் தென்பட்டது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற ஹார்த்ஸ்டோனில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றிருந்தார். 2023இல் காங்சூவில் நடந்த அடுத்த ஆசியப் போட்டியில் மின்விளையாட்டு முதன்முறையாகப் பதக்கப் பிரிவாகச் சேர்க்கப்பட்டபோது ஹார்த்ஸ்டோனும் பட்டியலில் இருந்தது. சீனாவில் விளையாட்டு நிறுத்தப்பட்டதால் நீக்கப்பட்டது. இரு நிறுவனங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் முறிந்ததால் நாடுகள் பங்கேற்கும் போட்டியின் ஒரு பிரிவே இல்லாமல் போனது.

பிந்தைய நிலை

ஓவர்வாட்ச் போட்டிகள் 2024 முதல் ஓவர்வாட்ச் சாம்பியன்ஸ் சீரிஸ் என்ற பெயரில் திறந்த முறையில் நடத்தப்பட்டன. நகர அணிகளும் விலைக்கு வாங்கும் இடங்களும் இதில் இல்லை. நடத்தும் பொறுப்பு சவூதி அரசு நிதியத்தின் சவ்வி கேம்ஸ் 2022இல் வாங்கிய ஈஎஸ்எல் ஃபேசிட் குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஸ்டார்கிராஃப்டின் முதல் பதிப்பு 2017இல் இலவசமாக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகத்தில் மெருகூட்டிய பதிப்பும் வெளியானது. கொரியாவில் தொலைக்காட்சித் தொடர்கள் 2012இல் முடிந்த பின்னர், பழைய ஆட்டக்காரர்கள் பலர் அப்ரீக்காடிவி என்ற நேரலைத் தளத்தில் தாமே ஆடி, பார்வையாளர் அளிக்கும் நன்கொடையில் வருவாய் ஈட்டினர். அத்தளம் 2016இல் தன் பெயரிலேயே ஸ்டார்கிராஃப்ட் தொடரைத் தொடங்கியது. 2024இல் சூப் எனப் பெயர் மாறிய பின்னரும், 1998ஆம் ஆண்டின் இவ்விளையாட்டுக்கு அத்தளம் போட்டிகளை நடத்தியது.